திருப்பிச் சொல்லு

றக்வான,
18.01.2024

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

அப்பா பழனியாண்டி எழுதுவது. மழை, அட்டை, முழங்கால் வலி மூன்றோடும் சமாதானமாகி நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தப் பக்கத்து வெயிலில் வதங்கிப் போகாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பொங்கலன்று நீ அங்கிருந்து போன் எடுத்தபோது நான் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று அழுதாயாம். "புள்ள ஆசையா பேச வந்துச்சு. நெருப்புக் கட்டிய வாங்கின மாதிரி என் கையில தள்ளிட்டீங்களே, நீங்க எல்லாம் ஒரு அப்பனா?" என்று உன் அம்மா ஜெயம்மா கேட்டாள். பொங்கலோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். போன் என்றால் எனக்கு வாய் பூட்டிக்கொள்கிறது. நம்ம தோட்டத்து டிவிஷனில் போன் டவரும் ஒழுங்கில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் பேனாவைக் கொடுத்தால் என்னை நிறுத்த ஆள் வேண்டும். நீயும் கடிதமே எழுது. தபால்காரருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

ஓட்டோ ஓடுகிறது. காலையில் மேல் டிவிஷன் பிள்ளைகளை ஸ்கூலில் விடுகிறேன், மத்தியானம் திரும்ப ஏற்றுகிறேன். நடுவில் டவுனில் ஸப்ரி முதலாளியின் கடை வாசலில் ஹயருக்கு ஆள் பார்த்து நிற்கிறேன். "மகளுக்கு ரத்மலானையில என்ன வேல?" என்றார். "ஏரோப்ளேனுக்கு ஸ்பீக்கர் மாட்டுது" என்றேன். "பஸ்ஸுக்கு மாட்டுற மாதிரியா?" "அதே மாதிரிதான் முதலாளி, பாட்டு மட்டும் போடாது." சரியாகத்தான் சொன்னேனா? விளக்கமாக எழுது. அடுத்த தடவை பெரிய ஆள் மாதிரிப் பேச வேண்டும்.

விரல் விறைக்கிறது. முருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அப்பா


இரத்மலானை,
02.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்பு மட்டும்தான். போர்டிங்குக்கு வந்து சேர்ந்தால் சப்பாத்தைக் கழற்றவும் மனசு வராது.

ஸ்பீக்கர் இல்லை அப்பா. இது ஃப்ளையிங் ஸ்கூலின் நாலு பேர் உட்காரும் சின்ன ப்ளேன். இஞ்சின் மூக்கிலேயே இருக்கிறது. அது ஓடினால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் எல்லாரும் ஹெட்செட் போட்டுக்கொள்வார்கள். காது இரண்டையும் மூடும் கிண்ணம், உதட்டை ஒட்டி ஒரு மைக். எல்லா ஹெட்செட்டின் வயரும் முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். அதுதான் இண்டர்கொம். அதன் வழியாக ஒருவரோடொருவர் பேசலாம், கெப்டன் எயார்போர்ட் டவரோடும் பேசலாம். நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து அந்த வயர்களை இழுக்கிறேன். பயிற்சியில் இருப்பவளுக்கு அந்த இடம்தான்.

போன வாரம் நான் மாட்டியதைப் போட்டுப் பார்த்தார்கள். இஞ்சின் வேகம் கூடக் கூட எல்லார் காதிலும் நுளம்பு மாதிரி ஒரு ரீங்காரம். ஹெட்செட் சொருகும் துவாரம் ப்ளேனின் தகரத்தில் படக்கூடாது, நடுவில் பிளாஸ்டிக் வொஷர் வைக்க வேண்டும். ஒன்றை மறந்துவிட்டேன். "தங்கச்சி, ஒரு வொஷரால ப்ளேனையே நுளம்பாக்கிட்டீங்களே" என்று ஜஸீல் நானா சிரித்தார். அவர்தான் எனக்கு வேலை பழக்குகிறவர். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மாட்டுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பலாங்கொடை மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேனே, அந்தக் கோபமா அப்பா? தீபாவளியிலிருந்து நீங்கள் என்னோடு போனில் ஒரு சொல் பேசவில்லை.

உங்கள் மகள்
நிரோஷா


றக்வான,
20.02.2024

அன்பு மகளுக்கு,

தைலம் வந்தது. அம்மா முழங்காலுக்குப் பூசிய பிறகு மிச்சமிருந்த மணத்தை நான் அனுபவித்தேன். இருவரும் நலம்.

கோபமா? அந்த மாப்பிள்ளை இங்கே உட்கார்ந்து ஐந்து இடியப்பம் தின்று முடிக்கும்வரை தன்னைப் பற்றியே பேசினான். நீ வேண்டாம் என்றதும் முதலில் மூச்சு விட்டது நான்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. கோபம் என்று இனி எழுதாதே புள்ள, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

உன் இண்டர்கொம் எனக்கு விளங்கிவிட்டது. நான் முன்பு வேலை செய்த தேயிலை பெக்டரியின் ரோலர் ரூமும் அப்படித்தானே? ரோலர் சுற்றும்போது டீமேக்கர் ஐயா பக்கத்தில் நின்று குதித்தாலும் கேட்காது. எங்களுக்கு வயரும் இல்லை, பெட்டியும் இல்லை, கைதான். விரலை ஆட்டினால் கொழுந்து கொண்டுவா. முஷ்டியை இறக்கினால் அமுக்கு. கையைக் குறுக்கே கழுத்தில் இழுத்தால் கழுத்துவரைக்கும் நிறைஞ்சிருச்சு, இனி போடாதே. சின்ன வயதில் அம்மா இன்னொரு அகப்பை சோறு வைக்க வந்தால் நீயும் அப்படித்தான் கழுத்தில் கையை இழுப்பாய். வாய் நிறையச் சோறு இருக்கும். இப்போதும் நம்ம லயத்து வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. திங்கட்கிழமை பிள்ளைகளோடு மேல் வளைவில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு லொறி வந்திருக்கிறது. எப்படியோ முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தி, டிரைவர் இறங்கி வந்து, காதுக்குள் பஞ்சா வைத்திருக்கிறாய் என்று சிங்களத்தில் ஒரு அர்ச்சனை செய்தான். நான் "குட் மோர்னிங் மாத்தயா" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேறு புதினமில்லை. நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


இரத்மலானை,
05.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா?

ரீங்காரம் போய்விட்டது. இப்போது வேறு தொல்லை. இண்டர்கொமில் ஒரு திருகி இருக்கிறது. யாரும் பேசாத நேரம் இஞ்சின் இரைச்சல் காதுக்குள் வராமல் அது அடைத்து வைக்கும். நான் அதை அதிகமாக இறுக்கிவிட்டேன். கத்திப் பேசுகிறவர் குரல் வந்தது, மெதுவாகப் பேசுகிறவர் குரல் வரவே இல்லை. அவர் பேசவில்லை என்றே மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜஸீல் நானா கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். "இரைச்சல் கொஞ்சம் வரட்டும் தங்கச்சி. ஆள் வராமப் போறதுதான் மோசம்" என்றார்.

லொறிக் கதையைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா. அந்த லொறி எவ்வளவு நேரம் ஹார்ன் அடித்தது? உங்களுக்குக் கேட்கவே இல்லையா? ஓட்டோவில் பிள்ளைகள் இருந்தார்களே. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நிரோஷா


றக்வான,
02.04.2024

அன்பு மகளுக்கு,

இருவரும் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, பேனா தீர்ந்துபோனது.

மழை விடவில்லை. கீழ் லயத்தில் ஒரு கூரைத் தகரம் பறந்து கோயில் மணிக்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. ஸப்ரி முதலாளிக்கு இண்டர்கொம் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன், கடைசியில் அவர் எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நாய் குட்டி போட்டிருக்கிறது. ஓட்டோவுக்குப் புது டயர் போட்டேன்.

சித்திரைக்கு வா. அம்மா பலகாரம் சுட மாவு இடித்துவிட்டாள்.

அப்பா


இரத்மலானை,
26.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வந்துபோய் இத்தனை நாளாகியும் எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

சித்திரைக்கு நான் வந்த அன்று நீங்கள் லயத்துக்கு முன்னால் ஓட்டோ கழுவிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று "அப்பா" என்றேன். சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். நீங்கள் திரும்பவில்லை. கிட்டே வந்து என் நிழல் உங்கள் கையில் விழுந்த பிறகுதான் திரும்பி, "வந்துட்டியா புள்ள, சத்தமில்லாம வந்து நிக்கிற" என்று சிரித்தீர்கள். அப்புறம் இருந்த நாளெல்லாம் நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

என்னோடு கோபம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். கோபமாகவே இருந்திருக்கக்கூடாதா அப்பா?

ரோலர் ரூமில் இருந்தவர்கள் எல்லாருக்கும் வருவதுதான் இது. அதில் வெட்கம் எதற்கு? ஆனால் அந்த வளைவுகளில் பஸ் வருவது உங்களுக்குக் கேட்காது. பின்னால் இருப்பவை ஊரார் பிள்ளைகள்.

ஓகஸ்ட்டில் இங்கே குடும்பங்களைக் கூப்பிட்டு ப்ளேன் காட்டும் நாள் இருக்கிறது. பறக்க மாட்டார்கள், இஞ்சினைப் போட்டு ஓடுபாதை ஓரத்தில் ஒரு சுற்று மட்டும். நான் இண்டர்கொம் மாட்டிய ப்ளேன். நீங்களும் அம்மாவும் வர வேண்டும். ஓட்டோவில் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள்.

நிரோஷா


றக்வான,
07.07.2024

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

நீ எழுதியதற்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். பேனாவைக் கொடுத்தால் நிறுத்த முடியாத ஆள் நான் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன் போலிருக்கிறது. அது பொய்.

வருகிறோம். பஸ்ஸில்தான்.

அப்பா


றக்வான,
19.08.2024

அன்பு மகளுக்கு,

நலமாக வீடு வந்து சேர்ந்தோம். வழியில் பெல்மதுளையிலிருந்து அம்மாவுக்கு வாந்தி, எனக்குப் பசி. நீ கட்டித் தந்த சோற்றை நான் ஒருவனாகவே தின்றேன்.

அன்றைக்கு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ பின் சீட்டில் இருந்தாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா ஏற மாட்டேன் என்றது நினைவிருக்கிறதா? "தரையில நின்னு பாக்குறதே போதும், நீங்க போயி சாகுங்க." அந்த ஆசீர்வாதத்தோடு கெப்டன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே பார்த்தால் நம்ம ஓட்டோவைவிட இடம் குறைவு. ஹெட்செட்டை நீ தந்தாய், நான் மடியில் வைத்துக்கொண்டேன். போட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது. போட்டும் கேட்காவிட்டால்? நீ பார்த்துப் பார்த்து மாட்டியதாயிற்றே.

அப்போது இஞ்சின் ஓடத் தொடங்கியது. சீட்டு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, பழைய ரோலர் ரூமுக்குள் திரும்பிப் போன மாதிரி இருந்தது. கெப்டன் திரும்பி உன்னிடம் ஏதோ கேட்டார், உனக்குக் கேட்கவில்லை. நீ ஏதோ சொன்னாய், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கையால் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டீர்கள். காது மங்கிய இந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக எல்லாரும் என் கட்சி. பெரிய கெப்டனே மிஷின் மாட்டாமல் ஒன்றும் கேட்க முடியாத ஆள் என்றால், நான் யார்? நானும் மாட்டினேன்.

"அப்பா, கேக்குதா?"

பக்கத்திலிருந்து வரவில்லை, என் தலைக்கு நடுவிலிருந்து வந்தது. உன் குரல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. மாறிப்போயிருந்தது புள்ள. கொஞ்சம் அம்மாவின் குரலாகியிருந்தது. எப்போது அப்படியானது என்று எனக்குத் தெரியாது. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இஞ்சின் சத்தத்தில் வாயால் பேசி இந்த உடம்புக்குப் பழக்கமில்லை. கை தானாக எழும்பிக் கழுத்தில் குறுக்கே இழுத்தது.

உடனே கெப்டன் இஞ்சினை நிறுத்திவிட்டார். கழுத்தில் கையை இழுத்தால் அங்கே 'இஞ்சினை அணை' என்று அர்த்தமாம், எனக்கெப்படித் தெரியும்? முன்னால் காற்றாடி நின்றது. தூரத்தில் நின்ற அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "மொகத உனே அங்கிள்? என்ன நடந்தது?" என்று கெப்டன் பதறினார். பின்னாலிருந்து நீ அழுதுகொண்டே சிரித்தாய், அதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒண்ணும் இல்ல சேர், அப்பாவுக்கு நிறைஞ்சிருச்சாம்" என்றாய். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

மறுபடி இஞ்சினைப் போட்டு அந்த ஒரு சுற்றுப் போனோமே, அப்போது ஒன்றைக் கவனித்தேன். டவரிலிருந்து ஏதோ சொன்னார்கள், கெப்டனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவர் என்னவோ சொன்னார், டவர்காரர் முதலிலிருந்து திரும்பச் சொன்னார். சலித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை, கெப்டனும் வெட்கப்படவில்லை. அது எப்படி? அங்கே எல்லாரும் அவ்வளவு நல்லவர்களா? எனக்கு எழுது.

அப்பா


இரத்மலானை,
30.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஜஸீல் நானாவும் கெப்டனும் உங்களைக் கேட்டார்கள். இங்கே இப்போது வயிறு நிறைந்தால் எல்லாரும் கழுத்தில் கையை இழுக்கிறார்கள்.

நல்லவர்கள் என்பதால் இல்லை அப்பா, அது சட்டம். கேட்காவிட்டால் 'திருப்பிச் சொல்லு' என்று சொல்லத்தான் வேண்டும். கேட்டாலும், கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், சரியா என்று மற்றவர் பார்ப்பார். கேட்காமலே கேட்ட மாதிரித் தலையாட்டுகிற ஆளிடம் ப்ளேனைக் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒருவனால் ப்ளேனே விழும்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. உங்களுக்கு விளங்கும்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காது கிளினிக் இருக்கிறது.

உங்கள் மகள்


றக்வான,
06.10.2024

அன்பு மகளுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம், அது இனி டொக்டர் கையில்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டோ ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் அது குத்தியது. ஒருநாள் மேல் வளைவில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்டேன், "தாத்தா ஓட்டும்போது பின்னால ஹார்ன் அடிச்சா நீங்க என்னடா செய்வீங்க?" கடைக்குட்டி சொன்னான், "நாங்கதான் ஒங்க முதுகுல தட்டுவோமே." எனக்கு அது தெரியவே தெரியாது. முதுகில் தட்டுவதை விளையாட்டு என்று நினைத்து இத்தனை நாளும் நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் குஞ்சுகள்தான் எனக்குக் காதாக இருந்திருக்கின்றன.

அன்று மத்தியானமே சாவியைக் கொண்டுபோய் ஸப்ரி முதலாளியின் மருமகன் றம்ஸீனிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளை இனி அவன் ஏற்றுகிறான். நல்ல பையன், கொஞ்சம் வேகம், சொல்லியிருக்கிறேன். காலையில் ஓட்டோ லயத்தைக் கடக்கும்போது சத்தம் எனக்கு வருவதில்லை, வாசல்படி மட்டும் காலில் அதிரும். அப்போது பிளேன்டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். பார்த்துக்கொண்டு நிற்க இன்னும் பழகவில்லை.

இரத்தினபுரிக்குப் போனோம். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து மறுபடி ஹெட்செட் போட்டார்கள். உன் ப்ளேன் மாதிரியேதான், இஞ்சின் மட்டும் இல்லை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாவம் அந்தப் பொத்தான், சும்மாவே கிடந்தது. இடது காது முடிந்த கதை, வலது காதில் பாதி மிச்சம் என்றார் டொக்டர் அம்மா. அவர் வேகமாகப் பேசுகிறவர். வழக்கம்போலத் தலையாட்டத்தான் போனேன். பிறகு "திருப்பிச் சொல்லுங்க டொக்டர்" என்றேன். அவர் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான், கூரை இடிந்து விழவில்லை. காது மிஷினுக்குப் பெயர் பதிந்திருக்கிறோம், வர நாள் எடுக்குமாம். லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இப்போது எல்லாரும் என்னிடம் கத்துகிறார்கள், கேட்கிற பாதியும் போய்விடும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் எடு. அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். வலது காதில் வைத்துக்கொள்வேன். ஸ்பீக்கரையும் போட்டுவிடுவேன், ஊரே கேட்கும், ரகசியம் ஒன்றும் பேசாதே. மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லு. நீ சொன்னதை நான் என் வாயால் சொல்லிக் காட்டுவேன். பிழையென்றால் பிழை என்று சொல்லு. பிடிபடாவிட்டால் 'திருப்பிச் சொல்லு' என்பேன். பலமுறை கேட்பேன் புள்ள, சலித்துக்கொள்ளாதே, அது சட்டம் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

நடுவில் நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் போனை வைத்துவிடாதே. பழக்கதோஷத்தில் கை கழுத்துக்குப் போயிருக்கும்.

அப்பா